ராக் ஃபால்ஸில் பெண்கள் பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரி. இங்கே வந்து பிடித்த சீக்கு இல்லை, ஊரில் இருக்கும்போதே அப்படித்தான். தென்காசியில் எங்கள் தெருவில் முதல் ரேடியோ யார் வீட்டுக்கு வந்தது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அதனால்தான் ஞாபகம். கனடா தேசத்துக்கு வந்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. குளிர் மனுஷரின் குணத்தையே மாற்றிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். என் குணம் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு சீசன் உண்டு. ஆனி பிறந்து ஊரில் சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் இருக்கிற என் தங்கை கோமதியிடமிருந்து நீலக் காகிதத்தில் ஏரோகிராம் வரும். மடிப்பைப் பிரிக்கும் முன்பே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். "அக்கா, அருவியில பொங்குமாங்கடல் நிறைஞ்சு தண்ணி கொட்டுது. காலைல ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை குளிச்சேன். துவட்டத் துவட்டச் சாரல் நனைக்கு. பசி பசின்னு வருது, எத்தனை வடை தின்னேன்னு எனக்கே தெரியல்ல."

வாசித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். மழை பெய்துகொண்டிருக்கும். ஆனால் அது வெறும் மழை. நனைந்தால் காய்ச்சல் வருகிற மழை.

இந்த வயிற்றெரிச்சலுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கோமு வாழ்க்கைப்பட்டது குற்றாலத்தில் விடுதி நடத்துகிற குடும்பத்தில். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பேரருவி தெரியும். அந்தச் சம்பந்தம் முதலில் எனக்குத்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னைத்தான் வந்து பார்த்தார்கள். அருவி தெரிகிற ஜன்னல் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னபோதே நான் மனசுக்குள் அந்த அடுக்களையில் நின்று சோறு வடிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்பாதான் குறுக்கே விழுந்தார்கள். "மூத்தவளுக்குப் படிச்ச மாப்பிள்ளதான். கடையத்துப் பையன், கெமிஸ்ட்டு, மெட்ராஸ்ல வேலை, நாளைக்கு சீமைக்கே போவான்." அப்பா வாக்குப் பலித்தது. எனக்குச் சீமை, கோமுவுக்கு அருவி. ஊர் முழுக்க என்னைத்தான் கொடுத்து வைத்தவள் என்றது.

2

எங்கள் வீட்டுக்காரருக்கு இங்கே காகித ஆலையில் வேலை. ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு பூங்கா.

பூங்கா என்றதும் நாலு குரோட்டன்ஸ் செடியும் தண்ணீர் வராத நீரூற்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பக்கம் கடல், நடுவில் காடு. நிஜமான காடு. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மரங்கள். குற்றாலத்து மலையில் செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற பாதை மாதிரி ஒற்றையடிப் பாதைகள், ஆனால் வழுக்குகிற இடத்தில் கட்டை பதித்து, பள்ளத்தில் கைப்பிடி வைத்து, பிரிகிற இடமெல்லாம் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தால் சட்டென்று மரம் விலகிக் கடற்கரை வந்துவிடும். ஆலைக்குக் கடலில் மிதக்கவிட்டுக் கொண்டுபோகிற தடிகளில் தப்பித்ததெல்லாம் அங்கே கரை ஒதுங்கிக் கிடக்கும். அவற்றில் சாய்ந்துகொண்டு வெள்ளைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வெயில் காய்கிறார்கள். சீட்டு வாங்க வேண்டாம். இடி இல்லை, தள்ளு இல்லை. ஒரு எச்சில் இலை கிடையாது. கழிப்பறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதுவும் வெந்நீர்!

முதல் நாள் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. குற்றாலநாதா, இவனுக்குக் கடலைக் கொடுத்தே, காட்டைக் கொடுத்தே, ரெண்டையும் சுத்தமா வச்சுக்கிடுத புத்தியையும் கொடுத்தே, நாங்க உனக்கு என்னய்யா குத்தம் செஞ்சோம் என்று வாய்விட்டே கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர், "சாமியவும் விட மாட்டியா நீ?" என்றார்.

இந்தப் பூங்காவில் ஒரு குறை கண்டுபிடித்தே தீருவது என்று தினமும் நடந்தேன். அப்படி நடந்த ஒரு நாளில்தான், பாதை மலைச்சரிவை ஒட்டிப் போகிற இடத்தில் ஒரு மஞ்சள் பலகை கண்ணில் பட்டது. மேலே இருந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை. கீழே இருந்த இரண்டு வார்த்தைகள் நன்றாகப் புரிந்தன. ராக் ஃபால்ஸ்.

தென்காசிக்காரிக்கு ஃபால்ஸ் என்ற வார்த்தைக்கு அகராதி பார்க்க வேண்டுமா? பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள்கூட மெயின் ஃபால்ஸில் கூட்டமா, ஃபைவ் ஃபால்ஸில் கூட்டமா என்றுதான் கேட்பார்கள். மெயின் ஃபால்ஸ், ஃபைவ் ஃபால்ஸ், டைகர் ஃபால்ஸ், ஓல்டு ஃபால்ஸ். அந்த வரிசையில் இதோ ராக் ஃபால்ஸ். பாறையில் விழுகிற அருவியாக்கும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டதால் மேலே போகாமல் நேரே வீட்டுக்கு வந்து, கோமுவுக்கு ஏரோகிராம் எழுதி, கையோடு தபால் பெட்டியிலும் போட்டுவிட்டேன். "ஏட்டி கோமு, எங்க வீட்டுப் பக்கத்துலயும் ஒரு அருவி உண்டு, தெரியுமா? ராக் ஃபால்ஸ்னு பேரு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டிலேயே எனக்கும் மகளுக்கும் தலை நிறைய எண்ணெய் வைத்து, சீயக்காய்ப் பொடி, துண்டு, மாற்றுச் சேலை எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று கேட்டதற்கு, "வாங்க, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன். பலகையைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடந்தோம். தண்ணீர்ச் சத்தமே இல்லை. எதிரே தொப்பி போட்ட பூங்காக் காவலாள் ஒருவர் வந்தார். நெற்றியில் எண்ணெய் வழிய நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். ராக் ஃபால்ஸ் எங்கே என்று நானே என் இங்கிலீஷில் கேட்டேன். அவர் தலைக்கு மேலே சரிவைக் கை காட்டி என்னமோ சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் கிடந்த மரத்தில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"உலகு, இது தண்ணி விழுத ஃபால்ஸ் இல்ல. கல்லு விழுத ஃபால்ஸ். பாறை உருண்டு விழும், பாத்துப் போங்கன்னு எழுதிப் போட்டிருக்கான்."

"அப்போ தண்ணி?"

"நம்ம வீட்டுக் குழாய்ல வரும், வா."

எண்ணெய்த் தலையோடு அதே பாதையில் திரும்பி நடந்தேன். வழியில் பார்த்த அத்தனை பேரும் அன்றைக்கு எனக்கு வணக்கம் சொன்னார்கள், சவங்கள்.

3

மறுநாளே உண்மையை எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் நினைத்தேன், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் கோமுவின் பதில் வந்துவிட்டது.

"உனக்கென்னக்கா, போன எடத்துலயும் அருவி! கொடுத்து வச்சவ. இடி உண்டா? பொம்பளையாளுக்குத் தனிப் பக்கம் உண்டா?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் தங்கை என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். அடேயப்பா, அந்தச் சுகம் எப்படி இருந்தது என்கிறீர்கள்! காகிதத்தை நாலு தடவை வாசித்தேன். பிறகு பேனாவை எடுத்து, "உண்டு. கம்பி போட்டுத் தனியா இருக்கு. ஒரு நேரத்துக்குப் பத்துப் பேரு, அவ்வளவுதான்" என்று எழுதினேன்.

அடுத்த வருஷம் ராக் ஃபால்ஸுக்குச் சேலை மாற்றத் தனி அறை கட்டினேன். அதற்கடுத்த வருஷம் குரங்குகளை ஒழித்தேன். கோமு, தண்ணி கனமா விழுமா, மெதுவா விழுமா என்று கேட்டாள். ஐந்தருவி மாதிரி அஞ்சாப் பிரியாது, ஒரே விழுகை, தோள்ல யாரோ சம்மட்டியால போடுத மாதிரி இருக்கும் என்றேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஐந்து கோடை ஓடியது. கடற்கரையில் தடி மேல் உட்கார்ந்து, கால் விரலில்கூடத் தண்ணீர் படாதபடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுதுவேன். அந்தக் கடல் பனிக்கட்டி உருகி வருகிற கடல். ஒரே ஒரு நாள் பெருவிரலை வைத்துப் பார்த்தேன், உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஐந்து வருஷத்தில் இந்தப் பூங்காவில் நான் குளித்தது அந்தப் பெருவிரல் மட்டும்தான்.

என் மகள் அப்படி இல்லை. குற்றாலத்து அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்தோம், குழல்வாய்மொழி. பள்ளிக்கூடத்தில் வாய் நுழையவில்லை என்று முன்பாதியை வெட்டிப் போட்டு, மிச்சம் இருந்த மொழியை மாலி ஆக்கிவிட்டார்கள். மாலி சிநேகிதிகளோடு அந்தப் பனித்தண்ணீரில் குதிப்பாள். உதடு நீலமாகிவிடும். அங்கிருந்தே, "அம்மா, வா! காலு மட்டும்!" என்று கூப்பிடுவாள். நான் கையை ஆட்டிவிட்டு எழுத்தைத் தொடர்வேன். அந்தப் பிள்ளையைப் பார்த்தும் எனக்கு லேசாக எரியும். தண்ணீரைப் பார்த்தால் அதற்குள் போய்விடுகிற தைரியம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. ஆனியும் ஆடியும் வந்தால் வெள்ளிக்கிழமை தோறும் அப்பா எங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி மூன்று மைல் கூட்டிக்கொண்டு போவார்கள். பெண்கள் பக்கத்தில் நானும் கோமுவும்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் போய் நிற்போம்.

4

இந்த வருஷம் பள்ளிக்கூட விடுமுறைக்கு மூன்று பேரும் ஊருக்குப் போவதென்று முடிவானது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் உதறல். நேரில் கேட்டால் ராக் ஃபால்ஸுக்கு என்ன பதில் சொல்வது? சரி, நான்தானே கூட இருப்பேன், சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. என் பாஸ்போர்ட் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கிற பாரத்தில் முன்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்தில் இருந்த ஊரை விரித்து எழுதினேன், தென்காசி. எங்கள் வீட்டுக்காரரும் முன்பு அப்படியே அவர் ஊரை எழுதியிருந்தார், கடையம். ஒரு மாதம் கழித்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. திருமதி தென்காசி அவர்களே, திரு கடையம் தங்களுடைய கணவர்தான் என்பதற்கு அத்தாட்சி அனுப்பவும். கல்யாணப் பத்திரிகையை அனுப்பினோம். தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்துக் கையொப்பம் வாங்கி அனுப்பவும் என்றார்கள். அனுப்பினோம். அதில் மணமகள் உலகம்மாள் என்று இருக்கிறதே, தென்காசி எங்கே என்றார்கள். இதற்குள் பயண நாள் வந்துவிட்டது. சீட்டை மாற்றினால் விடுமுறையும் போகும், சாரலும் போகும்.

"நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மகளை உட்கார வைத்தேன்.

"ஏட்டி குழலு, சித்தி கேட்டா, இங்கன ராக் ஃபால்ஸ்னு ஒரு அருவி இருக்குன்னு சொல்லணும்."

"அங்க தண்ணி இல்லையே அம்மா. நான் எப்படி இருக்குன்னு சொல்றது?"

"நான் சொல்லச் சொல்லுதேன்ல?"

"பொய்யா?"

"பொய்யில்லட்டி. சும்மா… ஒரு பேச்சுக்கு."

அவள் என்னையே பார்த்தாள். பதினோரு வயசுப் பிள்ளை அப்படிப் பார்க்கக் கூடாது. அடுத்த அறையிலிருந்து அவள் அப்பா, "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு. உன் அருவி இன்னைக்கு வத்திப் போச்சு, உலகு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை, வேண்டுமென்றேதான்.

5

ஆறு வாரம் தனியாக இருந்தேன். காலையில் வேலையை முடித்துவிட்டுப் பூங்காவுக்குப் போய்விடுவேன். அந்தக் காட்டின் அழகு, அந்தக் கடலின் அழகு, ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. இப்போது அங்கே மணி என்ன, பிள்ளை இப்போது எங்கே நிற்கும், தலையில் யார் எண்ணெய் வைப்பார்கள் என்றே ஓடும். என் மகள் முதல் முதலாக அருவிக்குள் நிற்கப் போகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு போகப்போவது கோமு. எனக்கு வந்த சம்பந்தத்தில் குடியிருப்பவள், எனக்குக் கிடைக்காத அருவியில் குளிப்பவள், இப்போது என் பிள்ளையையும் குளிப்பாட்டப் போகிறாள். ஒரு ஆளுக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் ஆகாது.

இருபதாம் நாள் கோமுவின் கடிதம் வந்தது. கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்தேன்.

"அக்கா, குழலு வந்த மறுநாளு காலைல அடுக்களைக்கு வந்தா. மாமியா அவகிட்ட, 'என்ன பிள்ளே, உங்க ராக் ஃபால்ஸவிட எங்க ஃபால்ஸு பெருசா'ன்னு கேட்டுட்டாக. பிள்ளை அவுக மூஞ்சியப் பாத்தா, என் மூஞ்சியப் பாத்தா. 'அங்க தண்ணி கிடையாது ஆச்சி. கல்லுதான் விழும். அம்மா போர்டைத் தப்பா படிச்சுட்டா'ன்னுட்டா. அத்தனை பேரும் சிரிச்சாக."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கடிதத்தை மடித்துவிட்டேன். அப்புறம் வாசிக்காமலும் இருக்க முடியவில்லை.

"எனக்கு வந்த கோவத்துக்கு நீ பக்கத்துல இருந்தா மண்டையில ஒரு கொட்டு வச்சிருப்பேன். அஞ்சு வருஷமா உன்னய நெனச்சு எரிஞ்ச எரிச்சல் எனக்குல்லா தெரியும். பத்துப் பேரு, தனி அறை, குரங்கு கிடையாது… கிறுக்கச்சி! பொறவு எனக்கும் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சு முடிக்கதுக்குள்ள வேற ஒண்ணும் வந்துட்டு.

அக்கா, இதை யார்ட்டயும் சொன்னதில்ல. கல்யாணமாகி இங்கன வந்தப்புறம் நான் அருவியில குளிச்சதே இல்ல. சீசன்ல விடுதி நிறைஞ்சிரும். விடிய முன்னால அடுப்புப் பத்த வச்சா அணைக்க ஒம்பது மணி ஆயிரும். சீசன் முடிஞ்சு போலாம்னா, தங்க வாற ஆம்பளைக பாக்க நம்ம வீட்டுப் பொம்பள ஈரச்சேலையோட ரோட்டுல வரக் கூடாதும்பாக மாமியா. ஜன்னல் வழியா சத்தம் கேக்கும், அவ்வளவுதான். விருந்தாளிப் பொம்பளைக குளிச்சுட்டு வந்து பேசுததக் கேட்டு, அதைத்தான் உனக்கு எழுதினேன். வடை தின்னது நான் இல்லக்கா, சுட்டதுதான் நான்.

குழலு 'சித்தி வந்தாத்தான் நான் வருவேன்'னு அடுக்களை வாசல்ல உக்காந்துட்டா. மாமியா எவ்வளவோ சொல்லிப் பாத்தாக. சீமையிலேருந்து வந்த பிள்ளை, அடிக்கவா முடியும்? கடைசியில, 'போயிட்டுச் சுருக்க வா'ன்னுட்டாக. நேத்துப் போனோம்."

நேத்துப் போனோம் என்பதோடு காகிதம் முடிந்துவிட்டது. கீழே இடம் இல்லை. ஓரத்தில்கூட ஒரு வார்த்தை இல்லை.

6

மகள் கறுத்துப் போய், கன்னம் வைத்துத் திரும்பி வந்தாள். வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சு. "சூடா இருக்கும்மா, கொஞ்ச நேரம் செல்லட்டும்" என்கிறாள் தோசையைப் பார்த்து. வந்த மறுநாள் காலையில் அவளை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரினேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"அருவிக்குப் போனீகளே, சித்தி என்னட்டி சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லல்லம்மா. முதல்ல பயந்தா. நான்தான் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனேன். அப்புறம் வரவே மாட்டேன்னுட்டா. ரொம்ப நேரம் நின்னா."

"ம்."

"அழுதாம்மா."

"தண்ணிக்குள்ள நிக்கவ அழுதா உனக்கு எப்படித் தெரியும்?"

"தோளு ஆடிச்சு. தெரிஞ்சுட்டு. நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டா. வெளிய வந்து, 'அம்மாகிட்ட சொல்லாத'ன்னா."

"பொறவு ஏன் சொன்ன?"

"நீ கேட்டியே!"

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. ஐந்து வருஷமாக நான் பொறாமைப்பட்டது தினம் இரண்டு வேளை அருவியில் குளிக்கிற ஒரு கோமுவைப் பார்த்து. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. அடுப்படியில் நிற்கிற ஒருத்திதான் இருந்திருக்கிறாள், அவளுக்கு நான் குரங்கில்லாத அருவியையும் தனி அறையையும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அழுதாள். அழுதபோது அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டியவள் நான். வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. அதைச் செய்துவிட்டு வந்தவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரிப்பனைக் கையில் பிடித்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னலை இழுத்து இறுக்கினேன்.

"அம்மா, வலிக்கு!"

வலிக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.